பார்க்காமல் சொன்ன சரி

என் அருமை சவரியம்மா அக்காவுக்கு,

இப்படிக் கூப்பிட்டதைக் கேட்டிருந்தால் நீ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யார கூப்டீங்க டீச்சர்?" என்று கேட்டிருப்பாய். கூடவே வேலை செய்த எட்டு வருஷமும் நீ எனக்கு ஆயா, நான் உனக்கு டீச்சர். பால்வாடியில் சமைத்துப் போட்டுப் பிள்ளைகளைக் கழுவித் துடைக்கிறவளுக்கு ஆயா என்று பெயர் வைத்திருந்தார்கள், நானும் அதையே பிடித்துக்கொண்டேன். என்னைவிட உனக்கு நாலு வயதுதான் அதிகம். நான் உன்னை வா போ என்றேன், நீ என்னை வாங்க போங்க என்றாய். எனக்கு அது உறுத்தவில்லை. உனக்கு எப்படி இருந்தது என்று நான் கேட்டதில்லை.

போன வாரம் உன்னை அடக்கம் செய்த அன்று விழுப்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து ஒரு பிடி மண் போட்டேன். அங்கே ஒருத்தி என்னிடம் ஒன்று சொன்னாள். அதைக் கேட்ட நாளிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. உனக்குத்தான் எழுத வேண்டும், ஊரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று தோன்றியதால் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

முதலில் நல்ல சேதி. நம் பால்வாடிக்கு இப்போது சிமெண்ட் கட்டடம், கேஸ் அடுப்பு, குழாயில் தண்ணீர். எடையை நோட்டில் எழுதுவதில்லை, இப்போது டீச்சராக இருக்கிற சின்னப் பெண் செல்போனில் தட்டுகிறாள். பின்னால் இருந்த கிணற்றுக்குச் சுவர் கட்டி இரும்பு வலையும் போட்டுவிட்டார்கள். நீ எத்தனை மனு போட வைத்தாய் என்னை! மூடியபோது அதில் தண்ணீர் வற்றி இருபது வருஷம் ஆகியிருந்தது என்பது வேறு விஷயம்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் நான் திண்டிவனத்திலிருந்து அந்த ஊருக்கு வேலைக்கு வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு குடையும், விழுப்புரத்தில் பயிற்சியில் கொடுத்த படச்சுருளும்தான். ஒலக்கூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, சுருளைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாத்திக்கொண்டு நடந்து வந்தேன். ஒரு படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போட்ட ரோடு, பக்கத்தில் போலீஸ்காரர், கைகோத்துக் கடக்கிற பிள்ளைகள். நம் பிள்ளைகள் கோடு போட்ட ரோட்டைக் கண்டதில்லை. போலீஸ்காரரைக் கண்டால் படல் மறைவில் ஒளிந்துகொள்கிற ரகம். இன்னொரு படத்துக்கு நானே பாட்டு கட்டினேன், தீ சுடும், கத்தி வெட்டும் என்று. மூன்றாம் நாள் ஒரு பயல் அந்தப் பாட்டைக் கணீரென்று பாடிக்கொண்டே அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை உருவினான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை எனக்குச் சொல்லாமல், நீ அந்தக் கட்டையை மட்டும் பிடுங்கி மறுபடி அடுப்பில் வைத்தாய்.

மறுநாள் காலை முந்தின நாள் சாம்பலை ஒரு கொட்டாங்குச்சியில் அள்ளி, அதே பயல் கையில் கொடுத்தாய். அடுப்பைச் சுற்றிக் கோடு போடச் சொன்னாய். கோடு போட்டவன்தான் அன்றைக்குக் காவல். அவன் சரி என்றால்தான் உள்ளே கால் வைக்கலாம், உள்ளே போக உன் ஒருத்திக்குத்தான் எப்போதும் சரி. அன்று மத்தியானம் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு நான் உன் பக்கம் வந்தேன். மூக்கு ஒழுகிக்கொண்டு நின்ற அந்தக் காவல்காரன் இரண்டு கையையும் விரித்து, "டீச்சர், கோடு" என்றான். எனக்குக் கோபமான கோபம். நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சாம்பார் அண்டாவுக்குள் தலையை விட்டாய், நீ சிரித்தது எனக்குத் தெரியாது என்று நினைத்தாய்.

கிணற்று விஷயத்தில் நான் தினம் பத்துத் தடவை போகாதே போகாதே என்பேன். போகாதே என்றால் போய்ப் பார்க்கத்தானே தோன்றும்? நீ அவர்களைக் கூட்டிக்கொண்டே போனாய். ஒவ்வொரு பிள்ளையாக இடுப்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கல்லைப் போட்டு, எல்லாரையும் மூச்சுக் காட்டாமல் கேட்க வைத்தாய். சத்தம் வர அத்தனை நேரம் ஆனதில் நானே பயந்துவிட்டேன். பிறகு பனைமரம் வரைக்கும் பின்னால் நடத்திக் கூட்டி வந்து, இந்த மரம் வரைக்கும் நம்முடையது, அதற்கு அப்பால் கிணற்றுடையது என்றாய். கிணற்றில் விழுந்தது கிணற்றுக்கே என்று ஒரு சட்டமும் போட்டாய். அதற்கப்புறம் மூன்று பந்து போயிருக்கும். மூன்று தடவையும் பிள்ளைகள் பனைமரத்தடியில் நின்றுகொண்டு கிணற்றைத் திட்டினார்களே தவிர, ஒன்றுகூட ஒரு அடி தாண்டவில்லை.

தை மாசம் ஆலைக்குக் கரும்பு போகிற காலம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய பயம். மாட்டுவண்டியும் டிராக்டரும் ஊரைக் கடக்கும்போது சின்னது பெரிசு எல்லாம் பின்னால் தொங்கிக் கரும்பை உருவும். பெரியவர்கள் தடுப்பதில்லை, எத்தனை உருவினாய் என்று கேட்டுச் சிரிப்பார்கள், அவர்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். நான் அம்மாக்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டேன், வந்தது இரண்டு பேர். நீ ஒரு காலையில் ரோட்டோரம் நின்று ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் பேசினாய். அதற்கு மறுநாளிலிருந்து பால்வாடி வாசலில் வண்டி நின்றது. உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு முழுக் கரும்பு, ஒருத்தன் ஓடி வந்தாலும் யாருக்கும் கிடையாது. ஓடுகிறவனை மற்ற பிள்ளைகளே சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அந்த யோசனை உனக்கு எங்கிருந்து வந்தது, அக்கா? நான் படித்த புத்தகத்தில் அது இல்லை.

ஆனால் உன் சட்டத்திலேயே பெரிய சட்டம் 'காட்டு'தான். தட்டில் போட்டதைத் தவிர எது கிடைத்தாலும், வாயில் வைக்குமுன் உள்ளங்கையில் வைத்து இன்னொருத்தருக்குக் காட்ட வேண்டும். அவர் சரி என்றால் தின்னலாம். கலர் பாட்டிலில் மண்ணெண்ணெயும், பரணில் பூச்சிமருந்தும், வேலியோரம் என்னென்னவோ காயும் இருக்கிற ஊரில் வேறெப்படிக் காப்பது? பிள்ளைகளிடம் கேட்டதை நீயும் செய்தாய். வெற்றிலை போடுமுன் பாக்கை ஏதாவது ஒரு மூன்று வயசுக்குக் காட்டி, அது தலையாட்டும் வரை காத்திருப்பாய். பெரியவர்களுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் கிடைத்ததில் அதுகளுக்கு என்ன சந்தோஷம்! வீட்டில் போய் அப்பாவின் பீடியைக்கூடக் காட்டச் சொன்னதாகக் கேள்வி.

நான் மட்டும் காட்டவில்லை. டீச்சர் எதற்குக் கடலை மிட்டாயைப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டுத் தின்ன வேண்டும் என்ற கௌரவம். நீ ஒரு தடவைகூட என்னைக் காட்டச் சொன்னதில்லை.

இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரிந்ததுதான். படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

நான் வந்த நாலாவது வருஷம் பிள்ளைகளின் எடை ஏறவே இல்லை. மேலே இருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விளைகிற ஊரில் பிள்ளைகள் ஏன் மெலிய வேண்டும் என்று யோசித்து, தினம் காலையில் ஒரு கைப்பிடி மல்லாட்டை தின்றுவிட்டு வரணும் என்று சொல்லிக் கொடுத்தேன். வீட்டில் கேட்டால் விற்கிற சரக்கு என்று தர மாட்டார்கள், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன். மார்கழிப் பட்டத்துக்கு விதைக்கிற நேரம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. திண்டிவனம் டவுனில் வளர்ந்த எனக்கு, விதைக்கென்று உடைத்து வைத்த பருப்பில் மருந்துப் பொடி கலப்பார்கள் என்பதே தெரியாது. எறும்பும் அணிலும் தின்னாமலிருக்க மட்டுமல்ல, விதை போட வரும் கூலிப் பெண்கள் வாயில் போட்டுக்கொள்ளாமலிருக்கவும் சிலர் பொடியைத் தாராளமாகவே போடுவார்கள் என்பதை, அந்த வேலைக்குப் போயிருந்த நீதான் பின்னால் சொன்னாய்.

தேவிக்கு அப்போது நாலு வயது. ஏரிக்கு வடக்கே நிலம் வைத்திருந்தவர் வீட்டு ஒரே பெண். அன்று காலை கவுன் பையில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். டீச்சரே எடுத்துத் தின்னச் சொன்னாலும், உன் பழக்கம் அவளை விடவில்லை. வழியெல்லாம் ஒன்றைக்கூட வாயில் போடாமல் வந்து என் முன்னால் நின்று, உள்ளங்கையை நீட்டி, "டீச்சர், காட்டு" என்றாள். நான் எடை நோட்டில் குனிந்திருந்தேன், அதிகாரி வரப்போகிறார் என்ற அவசரம். தலையைத் தூக்காமல், "சரி, தின்னு" என்றேன்.

நீ அடுப்பிலிருந்து பார்த்தாய். நான் நிமிர்ந்தபோது உன் விரல் அவள் வாய்க்குள் இருந்தது. மென்றதைத் தோண்டி எடுத்து, வாயைக் கொப்புளிக்க வைத்து, கையையும் முகத்தையும் கழுவினாய். தரையில் சிதறிய பருப்பில் பொடி படிந்திருந்தது அப்போதுதான் என் கண்ணில் பட்டது. சத்தம் கேட்டு ஓடி வந்த பெண்கள் ஒருத்தி உப்புத் தண்ணீர், ஒருத்தி சாணித் தண்ணீர் என்று கலக்க ஆரம்பித்தார்கள். நம் பக்கத்தில் விஷம் என்றால் முதலில் அதுதானே. நீ பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு, "எதையும் ஊத்தாதீங்க. இன்னா மருந்துன்னு தெரியாம இன்னாத்த ஊத்துவீங்க? ஜல்தி போயி இவ வூட்டு மருந்து டப்பாவ எடுத்தாங்க" என்றாய். உன் குரல் அத்தனை உரத்துக் கேட்டது எட்டு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான்.

கரும்பு டிராக்டர்காரர் பெட்டியைக் கழற்றி ரோட்டோரம் விட்டுவிட்டு நம்மைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நீ தேவியையும் மருந்து டப்பாவையும் பிடித்திருந்தாய். நான் எடை நோட்டைப் பிடித்திருந்தேன், அதை ஏன் எடுத்து வந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வழியில் தேவிக்கு எச்சில் ஊற்றியது, கண் சொருகியது. டாக்டர் டப்பாவைப் படித்துப் பார்த்துவிட்டு உடனே ஊசி போட்டார். கண்டதை ஊற்றாமல் டப்பாவோடு வந்ததால் பிழைத்தது என்றார். மூன்றாம் நாள் தேவி எழுந்து உட்கார்ந்து பன் கேட்டாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். உன் விரல் அவள் வாய்க்குள் போனதை நாலு பேர் பார்த்திருந்தார்கள். என் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்கவில்லை. காலனிக்காரி என் பிள்ளை வாயில் எதையோ வைத்தாள் என்று தேவியின் அப்பா மனு எழுதினார். என் வீட்டு விதையா என்று ஒரு வார்த்தை அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. விசாரணைக்கு அதிகாரி வந்தார். விதை வீட்டிலிருந்து வந்தது என்று நான் சொன்னேன், அது மட்டும் சொன்னேன். யார் தின்னச் சொன்னது என்று அவர் கேட்டார்.

அப்போது என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? வேலை போய்விடும் என்று பயந்தேன், வேறொன்றுமில்லை. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, அதிகாரியைப் பார்த்துச் சொன்னாய்: "நான்தான் சார் பாத்துக்கினு இருந்திருக்கணும். அடுப்பு வேலையில வுட்டுட்டேன்."

ஆயா இனிமேல் சமையலோடு நிற்க வேண்டும், பிள்ளைகளைத் தொடக் கூடாது, ஊட்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் அதிகாரி. தேவியின் அப்பா கேட்டதும் அதுதான்.

அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு என்னோடு நடந்து வந்தாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "உங்களத் தூக்கிட்டா இங்க யாரு டீச்சர் வருவா? நீங்க வர்றதுக்கு முன்ன ரெண்டு வருசம் பூட்டிக் கெடந்துது. புள்ளைங்க எல்லாம் கெணத்து மேட்டுலதான் வெளையாடிக்கினு இருந்துதுங்க" என்றாய். பஸ் வந்ததும் என் குடையை எடுத்துக் கொடுத்தாய்.

அதற்கப்புறம் நாலு வருஷம் நீ சாம்பல் கோட்டுக்கு உள்ளேயே இருந்துகொண்டு, குரலாலேயே முப்பது பிள்ளைகளை வளர்த்தாய். விழுந்தவனை எடுக்க உன் கை எழும், பாதியில் நிற்கும். என்னைக் கூப்பிடுவாய். நான் ஓடுவேன். அந்த நாலு வருஷத்தில் பிள்ளைகளிடம் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எதையாவது காட்ட வந்தால் என் தாடையைப் பிடித்துத் தங்கள் உள்ளங்கைப் பக்கம் திருப்புவார்கள். பிசுபிசுத்த கையால் இரண்டு கன்னத்தையும் பிடித்துத் திருப்பி, என் கண் கீழே வரும் வரைக்கும் விடமாட்டார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. விழுப்புரம் பக்கம் மாற்றலாகிப் போனபோது அங்கேயும் அதைச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் பார்வைக்காக ஏங்குகின்றன என்று ஒரு கூட்டத்தில் பேசிக் கைத்தட்டல்கூட வாங்கினேன். பெரிய கண்டுபிடிப்பு!

இப்போது அடக்கத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். தேவி வந்திருந்தாள். அவளுக்கே கல்லூரியில் படிக்கிற பெண் இருக்கிறாள். அவள் அப்பா வரவில்லை. அந்தப் பொம்பளையால் என் பிள்ளை போயிருப்பாள் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். எனக்குத் தாங்கவில்லை. மண் போட்ட கையோடு அவளை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், அன்றைக்குத் தின்னு என்று சொன்னது நான்தான் தேவி என்றேன். நாற்பது வருஷம் வராத வார்த்தை.

"தெரியும் டீச்சர்" என்றாள். "நான்தான காட்னேன். நீங்க எழுதிக்கினு இருந்தீங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உன்னிடம் வந்து அழுதாளாமே, காட்டிவிட்டுத்தானே தின்றேன் என்று. கோட்டுக்கு வெளியே நின்ற அவளிடம் நீ சொன்னதை, நாலு வயதில் கேட்டதை, ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள்: "உன் மேல தப்பு இல்ல கண்ணு. டீச்சருக்கு முப்பது புள்ள, ரெண்டே கண்ணு. இனிமே மூஞ்சியத் திருப்பிக் காட்டு. கண்ணு வந்து பாக்குற வரைக்கும் வுடாத."

நான் அங்கேயே ஒரு கல்லறை மேடையில் உட்கார்ந்துவிட்டேன். என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசாமல், என் தப்பை என் தலையில் போடாமல், என்னைத் திருத்துகிற வேலையை முப்பது பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறாய். அதற்கப்புறம் நம் பால்வாடியில் ஒரு பிள்ளைகூட ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. பாதுகாப்பு என்று ஆயிரம் பேர் ஆயிரம் விதமாகப் பாடம் எடுத்ததை நான் கேட்டிருக்கிறேன். பெரியவர்களும் தவறுவார்கள் என்பதையும் சேர்த்து, அதுவும் அவர்கள் மேல் மரியாதை குறையாமல், சொல்லிக் கொடுத்தவள் நீ ஒருத்திதான். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. என்னை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

அப்பாவிடம் நீ சொல்லவில்லையா என்று தேவியைக் கேட்டேன். "அப்பவே சொன்னேன் டீச்சர். நாலு வயசுப் புள்ள பேச்ச யாரு கேட்டா?" என்றாள். அதிலும் அவளுக்குக் கோபம் இல்லை. எனக்குத்தான் தலை குனிந்தது. அவள் சொன்னதை என் வாய் சொல்லியிருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போகிறேன், அக்கா. தேவியிடம் சொல்லியாகிவிட்டது. பஸ் டிக்கெட்டுக்குக்கூட என் பையனை எதிர்பார்க்கவில்லை, நானே போய்க்கொள்கிறேன். அவள் அப்பாவுக்குக் காது ரொம்ப மந்தமாகிவிட்டதாம். பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு தடவை சொன்னால் போதாது, இரண்டு மூன்று தடவை கத்த வேண்டியிருக்கும். தெரு முழுக்கக் கேட்கும். கேட்கட்டும்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
வசந்தா